ஜாடியா, கிட்டா? கிறிஸ்துமஸுக்குள் திராட்சரசம்

இங்கிலாந்தில் அக்கா வீட்டிலிருந்து காட்பாடிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சபை வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: "அங்கே கிட் வாங்கி ஒயின் போட்டீங்களாமே, நல்லா வந்துச்சா?" வந்தது. கிட் என்றால் ஒயின் போடுவதற்கான பொருள்கள் அடங்கிய தொகுப்பு. பக்கத்திலேயே அம்மா ஜாடியில் போட்டதும் இருந்ததால் இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

நம் ஊரில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் இதைச் செய்யக் கூடாது. அக்கா நர்ஸாக இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்காமில். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை, விற்கத்தான் கூடாது. ஆகவே இது அங்கே போய்த் தங்குகிறவர்களுக்கு.

அம்மாவின் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். 21 நாள் தினமும் மரக்கரண்டியால் கிளறி, வடிகட்டி, இன்னொரு 21 நாள் வைப்பது. கம்பத்துப் பன்னீர் திராட்சை கிடைக்காதது அம்மாவுக்குப் பெரிய குறை. அங்கே கடையில் இருப்பது சாப்பிடுகிற திராட்சை, புளிப்பும் மணமும் குறைவு.

கிட்டில் பழமே இல்லை. சுண்ட வைத்த திராட்சைச் சாறு ஒரு பை, ஈஸ்ட், எண் போட்ட சில பொட்டலங்கள். தண்ணீர் சேர்த்தால் 23 லிட்டர், 30 பாட்டில். நாங்கள் கொடுத்தது 55 பவுண்டு. பாட்டிலுக்கு 2 பவுண்டுகூட ஆகவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது காற்று. ஈஸ்டுக்கு முதல் சில நாள் காற்று நல்லது. அதற்குப் பிறகு வெளிக்காற்று உள்ளே போனால், சாராயத்தைப் புளிக்காடியாக்கும் கிருமிக்கு அதுவே தீனி. ஜாடியை வெள்ளைத் துணியால் கட்டி, தினமும் திறந்து கிளறும்போது நாமே காற்றை ஊட்டுகிறோம். கிட் வாளியின் மூடியில் ஏர்லாக் என்ற சின்னக் குழாய் இருக்கும். அதில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். உள்ளே உண்டாகும் கரியமில வாயு குமிழ் விட்டு வெளியேறும், வெளிக்காற்று நுழையாது.

அடுத்தது, உள்ளே தங்கிய வாயு. சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் இரண்டு வாரத்தில் 1.085இலிருந்து 0.995க்கு இறங்கியது. சர்க்கரை தீர்ந்து, சாராயம் கிட்டத்தட்ட 12 சதவீதம். அப்போதே பாட்டிலில் ஊற்றத்தான் கை துறுதுறுத்தது. ஆனால் வாயு கரைந்திருக்கும்வரை மண்டி கீழே படியாது, நாக்கிலும் சுருக்கென்று இருக்கும். கெடாமலும் மறுபடி பொங்காமலும் காக்கும் சல்ஃபைட், சார்பேட் பொட்டலங்களைப் போட்டபின், மூன்று நாள், காலையும் மாலையும் நுரை அடங்கும்வரை சுற்றிச் சுற்றிக் கிளறினேன். அப்புறம்தான் தெளிய வைக்கும் மருந்து. அதில் கைட்டோசன் இருந்தால் அது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. சைவக்காரர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் பார்த்து வாங்குங்கள். பத்தே நாளில் கண்ணாடி மாதிரி தெளிந்தது. நவம்பர் 12இல் போட்டது டிசம்பர் 16இல் பாட்டிலுக்குப் போனது.

அம்மாவின் ஒயின் மணத்தில் முந்தியது, அந்தப் பட்டை வாசனை கிட்டில் வராது. ஆனால் கோதுமையின் மாவுச்சத்தினால் கலங்கலாகவே நின்றது. மிச்சமிருந்த சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி பொங்கி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கார்க் தெறித்தது. புத்தாண்டுக்குள் கடைசிப் பாட்டிலில் புளிப்பு தட்டிவிட்டது. அக்கா செய்த ஆம்பூர் பிரியாணிக்கு எல்லோரும் கேட்டு வாங்கியது கிட்டைத்தான்.

நான் போட்டது ஒரே ஒரு சிவப்பு ஒயின் கிட். வெள்ளை ஒயின் எப்படி வரும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. ஒரு வருடம் வைத்துப் பார்க்கவும் பாட்டில் மிஞ்சவில்லை. ஒரு விஷயம்: வாளி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியில் கழுவியே ஆகவேண்டும். அதில் சோம்பல்பட்டால் கிட்டும் கைவிடும். சூடு 20இலிருந்து 25 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மே மாதம் 40ஐத் தாண்டும் நம் வேலூர் வெயிலில் ஈஸ்ட் திணறிவிடும்.

இந்த நவம்பருக்கும் அக்கா கிட்தான் வாங்கப் போகிறாள். அம்மா தன் ஜாடிக்கு ஏர்லாக் வைத்த மூடி ஒன்று கேட்டிருக்கிறார், கோதுமையையும் விட்டுவிடுவாராம்.