ஆர்எக்ஸ் 100 பெட்ரோல் காக் வாசர்: வீட்டில் வெட்டிப் போட்டால் தாங்குமா?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் தயாரிப்பு 1996-இல் நின்றது. இன்ஜின் பாகங்களைக்கூட எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம், உயிரை வாங்குவது சின்னச் சின்ன ரப்பர்கள்தான். அதில் முதலிடம், டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் கைப்பிடிக்குப் பின்னால் உட்காரும் நாலு ஓட்டை வாசருக்கு. சென்னை புதுப்பேட்டையில் ரிப்பேர் கிட் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் எனக்கு வாய்த்த பாக்கெட் வாசர்கள் எல்லாம் சில மாதங்களில் ஊறிப் பருத்தன. அதனால் சில வருடங்களாக நானே வெட்டித்தான் போடுகிறேன்.

வாசர் போனால் பெட்ரோல் ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒழுகாமலே கெடுக்கும் என்பதுதான் பலர் கவனிக்காதது. ரப்பர் ஊறினால் வெளிப்பக்கம் விரிய இடம் இல்லை, அதனால் ஓட்டைகள் உள்நோக்கிச் சுருங்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பைபாஸில் முறுக்கிப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் வண்டி திணறும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாலும் தீராது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

ஆகவே வெட்டும் கைத்திறனைவிட எந்த ரப்பர் என்பதே முக்கியம். சைக்கிள் டியூப், செருப்பு ரப்பர், சிலிக்கான் ஷீட் எதுவும் பெட்ரோலுக்கு ஆகாது. பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் ஷீட் பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலை ரப்பர் விற்கும் கடைகளில் கிடைக்கும். சாதாரண பெட்ரோலுக்கு அது போதும். 2023-இலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்த பிறகு, நைட்ரைல் முன்புபோல நிற்பதில்லை என்பது என் அனுபவம். அதைவிட நன்றாகத் தாங்கும் வைட்டான் ரப்பர் விலை அதிகம்தான், ஆனால் ஒரு சின்னத் துண்டிலேயே ஏகப்பட்ட வாசர் வெட்டலாம். எதை வாங்கினாலும் ஒரு துணுக்கை மூடிய கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலில் ஒரு வாரம் ஊறப்போட்டு, கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்தத் துணுக்கு சொல்வதை நம்பலாம்.

பழைய வாசரை வைத்து கனத்தை முடிவு செய்யக் கூடாது. அது வருடக்கணக்கில் நசுங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஊறியிருக்கும். காக்கில் வாசர் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும்படி ஷீட் எடுக்க வேண்டும். ரொம்பக் கனமானால் கைப்பிடி இறுகி, திருப்பும்போது ரப்பர் பிய்யும். மெலிசானால், கைப்பிடியை ஸ்பிரிங்போல அழுத்தும் அலை வாசரின் அழுத்தம் போதாமல் கசியும்.

ஓட்டைகளின் இடத்துக்கு ஸ்டாம்ப் பேட் மை போதும். அதைப் பள்ளத்தில் லேசாகத் தடவி, அளவாக வெட்டிய தாளை வைத்து அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். பஞ்ச் செட் இல்லையென்றால் பழைய ரேடியோ ஆன்டெனாவின் குழாய்களைத் துண்டாக்கி விளிம்பைக் கூராக்கிக்கொள்ளலாம். விதவிதமான அளவு அதிலேயே கிடைக்கும். முதலில் ஓட்டைகள், கடைசியில் வெளிவட்டம். சோப்புத் தண்ணீர் தொட்டு அடித்தால் வெட்டு சுத்தமாக விழும். ஓட்டையை காக்கில் உள்ள துளையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள், பின்னால் ஊறினாலும் வழி அடைபடாது.

மாட்டுவதற்கு முன் கைப்பிடியின் பின்முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த 1000 நம்பர் எமரி தாளில் தேய்த்துச் சமப்படுத்துவேன். கோடு விழுந்த முகத்துக்கு எந்த வாசரும் நிற்காது. குழி விழுந்த காக் என்றால் முழுதாக மாற்றுவதுதான் சரி. கேஸ்கட் பசை வேண்டவே வேண்டாம், அது பிசுறு பிசுறாகக் கழன்று கார்புரேட்டர் ஜெட்டின் சின்னத் துளையில் போய் அடைக்கும். இதையெல்லாம் டேங்கை வடித்து, வெட்டவெளியில் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காக்கில் கீழே உள்ள ஓ-ரிங்கை வெட்ட முயல வேண்டாம், அளவு சொல்லிக் கேட்டால் கடையிலேயே சல்லிசாகக் கிடைக்கும்.

இப்போது ஓடுவது வைட்டான் வாசர். கசிவும் இல்லை, திணறலும் இல்லை. கைப்பிடி மட்டும் நைட்ரைலைவிட இறுக்கமாகத் திரும்புகிறது. ரொம்ப நாள் ஒரே நிலையில் விட்டால் ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. அதனால் தேவை இல்லாவிட்டாலும் அவ்வப்போது ரிசர்வுக்கு ஒரு திருப்பு திருப்பி விடுகிறேன்.