மலை இறங்கும் பொலேரோ பிக்அப்புக்கு எந்த பேடு, எந்த டிஸ்க்?

ஊட்டிப் பக்கம் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குகிற பொலேரோ பிக்அப் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பிரேக் முன்பக்கம் டிஸ்க், அதாவது வீலோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடு என்கிற கட்டைகள் அழுத்திப் பிடிக்கும். பின்பக்கம் டிரம், அதில் சுற்றுகிற இரும்புக் குடத்தை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும். சமீபத்தில் முன்பக்க பேடு, டிஸ்க் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாகிவிட்டது. கடையில் போய் நின்றால் நாலு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு "எது வேணுங்ணா?" என்று கேட்கிறார்கள். டப்பாவைப் பார்த்தால் விலை வித்தியாசம்தான் தெரிகிறது, வேலை வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் கடை கடையாகக் கேட்டு, கழற்றிப் பார்த்து, பழைய வண்டிக்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். சரக்கோடு 3 டன் இருக்கிற வண்டி இந்த 1,900 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 5.6 கோடி ஜூல். 170 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது. எஞ்சின் பிரேக்கும் (கியரில் விட்டால் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிப்பது) காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு எஞ்சின் பங்கும் சேர்ந்து பிரேக் மேலேயே வரும். ஆகவே எங்கள் மாதிரி வண்டிக்கு பேடு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சத்தம் போடுமா, வீலில் கறுப்புத் தூள் படியுமா என்பதல்ல. சூடான பிறகு பிடிக்குமா என்பதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன தடவை விலை குறைவு என்று, பெயர் கூடச் சரியாக அச்சிடாத ஒரு பேடை வாங்கிப் போட்டிருந்தோம். ஊருக்குள் நன்றாகவே பிடித்தது. ஒரு நாள் முழு லோடோடு குன்னூர் தாண்டி பர்லியார் நெருங்கும்போது கருகின வாசனை வந்தது, அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, வண்டி மட்டும் வேகம் குறைய மாட்டேன் என்கிறது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, அகலமான ஓரம் பார்த்து ஒதுக்கியதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மறுநாள் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேடு தேயலீங்ணா, வெந்து போயிருக்குது" என்றார். பேடின் முகம் கண்ணாடி மாதிரி மின்னியது, டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

இங்கே ஒன்றைத் தெரிந்துவைத்துக் கொள்ளுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி கீழே போகிறது என்றால், மிதிக்கிற அழுத்தத்தை வீலுக்குக் கொண்டுபோகிற பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கலாம். முதலாவதற்கு பேடு மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு ஆயில் மாற்ற வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி மலையேறுகிறவர்கள் உண்டு.

சரி, பேடுக்கு வருவோம். மெட்டல் கலவை பேடில் இரும்புத் தூள், எஃகு இழை, கிராஃபைட் எல்லாம் சேர்ந்திருக்கும். சூட்டில் பிடிப்பு சீக்கிரம் குறையாது, சூட்டைத் தன் வழியாகக் கடத்தியும் விடும். குறை என்னவென்றால் சத்தம் கொஞ்சம் வரும், தூள் நிறைய விழும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும். ஊட்டியில் விடியற்காலைக் குளிரில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு கொஞ்சம் மந்தமாகவும் இருக்கும், அதனால் கிளம்பியதும் சமதளத்திலேயே இரண்டு தடவை லேசாக மிதித்துச் சூடு பண்ணிக்கொள்வது எங்கள் வழக்கம். செராமிக் பேடு இதற்கு நேர்மாறு. சத்தமில்லை, தூள் குறைவு, டிஸ்க்கும் நீடித்து உழைக்கும். கார் வைத்திருப்பவர்கள் அதைப் புகழ்வதில் தப்பே இல்லை. ஆனால் அது சூட்டை அவ்வளவாகக் கடத்தாது, சூடு டிஸ்க்கிலேயே தங்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற செராமிக், முழு லோடில் ஒரு மணி நேரம் இறங்குகிற வேலைக்காகச் செய்யப்பட்டது இல்லை. கோயம்புத்தூருக்குள் தண்ணீர் கேன், பால் டிரே என்று ஓட்டுகிறவருக்குத் தாராளமாகச் சொல்வேன், மலை வண்டிக்குச் சொல்ல மாட்டேன். மூன்றாவது வகை, உலோகம் குறைவாக இருக்கிற ஆர்கானிக் பேடு. மென்மையாகப் பிடிக்கும், விலையும் குறைவு, ஆனால் தொடர்ந்து சூடேறினால் முகம் மெருகேறிப்போய்விடும். எங்களுக்கு பர்லியாரில் நடந்ததும் அதுதான்.

பேடின் முதுகிலோ ஓரத்திலோ பல கம்பெனிகள் ஒரு வரிசை எண் அடித்திருக்கும், அதில் இரண்டு ஆங்கில எழுத்து வரும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. இ என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, 0.25-லிருந்து 0.35, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55. எஃப்இ என்று போட்டிருந்தால் சூடானதும் பிடிப்பு ஒரு படி இறங்கும் என்று அர்த்தம், எஃப்எஃப் என்றால் அதே வரம்புக்குள் நிற்கும். இது முழு ஜாதகம் இல்லை, ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்துச் சோதித்த எண்தான், ஒரே எழுத்து போட்ட இரண்டு பேடு ரோட்டில் வேறு வேறு மாதிரி நடக்கலாம். ஆனாலும் அந்த எழுத்தே இல்லாத பேடை விட இருக்கிற பேடை நம்பி வாங்குவேன்.

கம்பெனி ஒரிஜினலா, வெளி பிராண்டா என்ற கேள்விக்கு என் பதில்: வண்டிக் கம்பெனிகளுக்கே பிரேக் பாகம் செய்து கொடுக்கிறவர்களின் பேடு என்றால் வெளிக்கடையில் வாங்கினாலும் போதும். நம் சென்னை பாடியில் 1962-லிருந்து இருக்கிற பிரேக்ஸ் இந்தியா, அப்புறம் ரானே மாதிரி ஆட்கள் வண்டிக் கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள், கடைக்கும் விற்கிறார்கள். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பாக எண்ணைச் சரிபார்த்து, தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். நான் கடைசியில் மெட்டல் கலவையில் எஃப்எஃப் அடித்த ஒன்றைத்தான் எடுத்தேன்.

டிஸ்க் விஷயத்தில்தான் எங்கள் வீட்டிலேயே தகராறு வந்தது. அப்பா, லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவிக்கொண்டால் போதும், புதுசு எதற்கு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, கனம் மிச்சமிருக்கிற டிஸ்க் என்றால் சீவிப் போடுவது செலவு குறைந்த வழி. ஆனால் டிஸ்க்கின் ஓரத்திலோ, அதை மாட்டுகிற நடுப்பாகமான ஹப் பக்கத்திலோ குறைந்தபட்சக் கனம் இவ்வளவு மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடத்தில் அளந்து, சீவின பிறகும் அந்த எண்ணுக்கு மேலே நிற்குமா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் லேத் பக்கமே போகக் கூடாது. சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது அந்த இரும்புக் கனம்தான். ஒவ்வொரு தடவை சீவும்போதும் பாத்திரம் சின்னதாகிக்கொண்டே போகிறது, அதே சூட்டுக்கு டிஸ்க் இன்னும் அதிகமாகக் கொதிக்கும். எங்கள் டிஸ்க்கை அளந்தபோது சீவுவதற்கு முன்பே வரம்பை ஒட்டி நின்றது, நீலம் வேறு பாய்ந்திருந்தது. அப்பாவே புதுசு வாங்கச் சொல்லிவிட்டார்.

புது டிஸ்க்கிலும் ஓட்டை போட்டது, கோடு கீறியது என்று வகை உண்டு. பார்க்க அழகாக இருக்கும். பழைய காலத்து பேடுகள் சூட்டில் விடுகிற வாயுவை வெளியேற்ற ஓட்டை உதவியது, இப்போதைய பேடுக்கு அந்தத் தேவை பெரிதாக இல்லை. மாறாக ஓட்டை போட்ட அளவுக்கு இரும்பு குறைகிறது, மலையில் சூடாகிச் சூடாகி ஆறும்போது விரிசல் அந்த ஓட்டையின் விளிம்பிலிருந்துதான் கிளம்பும். கோடு கீறியது அவ்வளவு மோசமில்லை, சேறும் தண்ணீரும் உள்ள பாதைக்கு உதவும், பேடைச் சீக்கிரம் தின்னும். லோடு வண்டிக்கு நான் சொல்வது நடுவில் காற்று போக இடைவெளி விட்ட, முகம் வழவழப்பான சாதாரண டிஸ்க். கிடைத்தால் துரு பிடிக்காத பூச்சு கொடுத்தது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

டிஸ்க் மாட்டும்போது ஹப் முகத்தில் இருக்கிற துருவைச் சுரண்டாமல் மாட்டினால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து இடத்துக்கு இடம் வேறு அளவில் தேயும், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும். டிஸ்க்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் 50-ல் ஒரு பங்கு இடத்துக்கு இடம் மாறினாலே காலில் அதிர்வு தெரியும். புது டிஸ்க்கில் துருவுக்காக எண்ணெய் தடவியிருப்பார்கள், அதையும் துடைத்தெடுக்க வேண்டும். அப்புறம் பேடைப் பிடித்து அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கான பின் (ஊசிக் கம்பி) இறுகியிருக்கிறதா என்று கையால் நகர்த்திப் பாருங்கள். அது ஜாம் ஆகியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த பேடும் ஒரு பக்கமாகத் தேயும்.

செராமிக்குக்கும் ஓட்டை டிஸ்க்குக்கும் கொடுக்கிற கூடுதல் பணத்தை பிரேக் ஆயிலுக்கும் பின்பக்க டிரம் லைனருக்கும் (ஷூவின் மேல் இருக்கிற உராய்வுப் பட்டை) போடச் சொல்வேன். புது டாட் 3 தர பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, டாட் 4-க்கு 230. ஆனால் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினதும் டாட் 3-க்கான வரம்பு 140-க்கு, டாட் 4-க்கு 155-க்கு வந்துவிடும். மெட்டல் பேடு சூட்டை காலிப்பர் பக்கம் கடத்துகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தச் சூடு போய்ச் சேருவது இந்த ஆயிலிடம்தான். மெட்டல் பேடு போட்டு மூன்று வருஷப் பழைய ஆயிலை விட்டுவைத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். பின் டிரம்மும் அப்படித்தான். ஷூ அட்ஜஸ்ட் இல்லாமல் தளர்ந்திருந்தால் அதன் பங்கையும் முன் டிஸ்க்கே சுமக்கும்.

வழியில் சூடாகிவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், வீலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் நெளியலாம், விரிசலும் விடலாம்.

புது பேடையும் டிஸ்க்கையும் போட்ட அன்றைக்கே மலைக்கு ஏற்றவில்லை. காலி வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை ரோட்டில் எடுத்துப்போய், 60-லிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், நடுவில் ஆற விட்டு ஒரு பத்து தடவை செய்தேன். பேடின் முகம் டிஸ்க்கோடு ஒட்டிப் பழகுவதற்கு அது வேண்டும். அன்று சாயங்காலமே கேரட் ஏற்றக் கூப்பிட்டார்கள், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.