‘ஆள் காணவில்லை’ புகார்: ராமநாதபுரம் கடலோரத்தில் இந்தச் சேவை எந்த லட்சணத்தில் இருக்கிறது?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் ஒருவர் வீடு திரும்பவில்லை என்றால் வீட்டாருக்கு இருக்கும் ஒரே வழி, போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் ‘ஆள் காணவில்லை’ புகார்தான். கட்டணம் கிடையாது. பத்து வருடத்துக்கு முன்பிருந்ததை விட இப்போது பதிவு செய்வது எளிது. ஆனால் பதிவான ஒன்றை இன்னொரு ஸ்டேஷனின் பதிவோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் பகுதி இன்னும் நொண்டுகிறது. நாட்டில் தொடர்கொலைகள் வருடக்கணக்கில் நீண்டதற்கு அந்த இரண்டாவது பகுதிதான் காரணம் என்பதால் இந்த விமர்சனம் பெரும்பாலும் அதைப் பற்றியே.

சயனைடு மோகன் வழக்கைப் பாருங்கள். கர்நாடகத்தில் 2009 வரை 20 பெண்கள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி வெளியூர் லாட்ஜுக்கு அழைத்துப் போவான். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கருத்தடை மாத்திரை என்று சொல்லி சயனைடைக் கொடுத்து, கழிப்பறைக்குள் போய்ச் சாப்பிடச் சொல்வான். நகை லாட்ஜ் அறையில் இருக்கும், எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெண்ணின் ஊரில் ‘ஓடிப்போய்விட்டாள்’ என்று ஒரு காகிதம், பிணம் கிடந்த ஊரில் ‘அடையாளம் தெரியாத பெண், இயற்கைக்கு மாறான மரணம்’ என்று இன்னொரு காகிதம். இரண்டும் சந்திக்கவே இல்லை. ஒரே மாதிரிக் கழிப்பறை, உள்ளே தாழிட்ட கதவு, கல்யாணப் பெண் போல உடை. இத்தனை இருந்தும் யாரும் அடுக்கிப் பார்க்கவில்லை. 2009ல் பண்ட்வால் பக்கம் ஒரு பெண் காணாமல் போனபோது ஊரே திரண்டு சத்தம் போட்டது. அதன் பிறகு ஃபோன் அழைப்புப் பட்டியலை எடுத்தார்கள், ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

டெல்லியை ஒட்டிய நொய்டாவில் நிட்டாரி கிராமத்து வழக்கு இன்னும் கசப்பு. குழந்தைகளைக் காணோம் என்று பெற்றோர் ஸ்டேஷன் ஏறி இறங்கியும் காது கொடுக்க ஆளில்லை. 2006 டிசம்பரில் அங்கே ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகே சஸ்பெண்ட், டிஸ்மிஸ் எல்லாம். இங்கே வெள்ளந்தியாக ஒரு கேள்வி வரும்: நம்மூரில் தொடர்கொலைகாரன் எங்கே இருக்கிறான், எதற்கு இவ்வளவு கவலை? இருக்கிறானா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஏடு இந்தக் காணாமல் போனோர் ஏடுதான். அது ஒழுங்காக இல்லாத ஊரில் ‘இங்கே யாரும் இல்லை’ என்பதற்கும் மதிப்பில்லை.

சரி, சேவைக்கு வருவோம்.

‘ஒரு நாள் பார்த்துட்டு வாங்க’ என்று ஸ்டேஷனில் சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. காணாமல் போனவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. பெரியவர்கள் காணாமல் போவது தானாகவே குற்றமாகிவிடாது, அதனால்தான் தமிழ்நாட்டில் ‘மேன் மிஸ்ஸிங்’, ‘உமன் மிஸ்ஸிங்’ என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர் எண் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் பல சமயம் முதலில் கையில் வருவது சி.எஸ்.ஆர் எனப்படும் மனு ரசீது மட்டும்தான். சி.எஸ்.ஆர் என்றால் மனு வாங்கினோம் என்பதோடு சரி, வழக்கு ஆகவில்லை. அதை வாங்கிக்கொண்டு ‘கேஸ் போட்டாச்சு’ என்று வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். எஃப்.ஐ.ஆர் எண், வருடம், ஸ்டேஷன் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இலவச நகல் உங்கள் உரிமை.

தங்கச்சிமடத்துக்காரர் மதுரை மாட்டுத்தாவணியில் காணாமல் போனாலும் தங்கச்சிமடத்திலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவு ஸ்டேஷன் எல்லையை ஒரு சாக்காகச் சொல்ல விடுவதில்லை. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இதை மறந்தால் மனு அந்தரத்தில் நிற்கும்.

மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ‘மாநிறம், அஞ்சரை அடி, நீலக்கலர் சட்டை’ என்று எழுதினால் உயிரோடு இருக்கும் ஆளைத் தேடத்தான் உதவும். கடலோரத்தில் இதை விட மோசமானதையும் நினைத்து எழுத வேண்டும். தண்ணீரில் கிடந்த உடலில் முகம்தான் முதலில் போகும்: மீனும் நண்டும் விடாது, மிச்சம் ஊதிவிடும், நிறம் மாறிவிடும். நிற்பது பல், உலோகம், தையல், எலும்பு. ஆகவே பல் அடைத்திருக்கிறதா, எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, சிசேரியன் அல்லது குடும்பக் கட்டுப்பாட்டுத் தழும்பு உண்டா, எலும்பு முறிந்து பிளேட் வைத்ததா (எக்ஸ்ரே இருந்தால் நகல்), பச்சை குத்தியது எந்தக் கையில், தாலி எந்த மாதிரி, அரைஞாண் கயிறா வெள்ளிக்கொடியா, சட்டைக் காலரில் எந்தத் தையல்கடைத் துணி லேபிள் என்று எழுதுங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு பல் தெரியச் சிரிக்கும் போட்டோ ஒன்றும் கொடுங்கள், பல் வரிசையை ஒப்பிட அது உதவும். அவர் பயன்படுத்திய சீப்பு, டூத்பிரஷ் இரண்டையும் கழுவாமல் காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கிக் கெட்டுவிடும். பின்னால் டி.என்.ஏ தேவைப்பட்டால் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தம்தான் உறுதியானது. அண்ணன் தம்பி ரத்தத்தில் பொருத்தம் அவ்வளவு கெட்டியாக வராது.

ஃபோன் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஆள் காணாமல் போன இரண்டாம் நாளே அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுகிறார்கள், வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கலாம் என்று. புது சிம் வேலை செய்யத் தொடங்கியதும் பழைய சிம் செத்துவிடும், அது எந்த டவரில் இருக்கிறது என்ற தடமும் அதோடு போச்சு. அதற்குப் பதில் ஃபோன் டப்பாவிலோ பில்லிலோ இருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண்ணை மனுவில் எழுதுங்கள். திருடன் வேறு சிம் போட்டாலும் அந்த எண் காட்டிக்கொடுக்கும். அழைப்புப் பட்டியலைக் கம்பெனிகள் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதற்கு அவசரமில்லை. சி.சி.டி.வி அப்படி இல்லை. கடை, லாட்ஜ், பஸ் ஸ்டாண்டுப் பெட்டிகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும், சில வாரம்கூடத் தாங்காது. எந்தக் கேமரா, எந்த நேரம் என்று மனுவிலேயே குறித்து, காட்சியைப் பத்திரப்படுத்தக் கேளுங்கள்.

கடல் பகுதிக்குத் தனியாக மார்க் போட வேண்டியிருக்கிறது. வடகடலும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலும் (மன்னார் வளைகுடா) பாம்பன் கால்வாயில் முட்டிக்கொள்ளும் ஊர் இது. வாடைக் காலத்தில் நீரோட்டம் வடகடலிலிருந்து தென்கடலுக்கு இழுக்கும், கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் திரும்பும். கடலோடிகளுக்கு இது பால பாடம். வாடையில் வடகடல் ஓரம் காணாமல் போனவர் தென்கடலில் கரை ஒதுங்கலாம், ஒதுங்கும் இடம் வேறு ஸ்டேஷன் எல்லை, சமயத்தில் வேறு மாவட்டம். வடக்கே கோட்டைப்பட்டினம் என்றால் புதுக்கோட்டை, மேற்கே போனால் தூத்துக்குடி. அதுபோக சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் ஒரு பக்கம், மரைன் போலீஸ் ஒரு பக்கம். மரைன் போலீஸின் 1093 எண் கடலில் ஆபத்து என்றால் பயன்படும், கடலோரக் காவல்படைக்கு 1554. ஆள் தேடும் வேலைக்கு இவை போதாது. மனு நகலைச் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனோடு நிறுத்தாமல் மரைன் ஸ்டேஷனிலும் கொடுத்து முத்திரை வாங்குவது புத்திசாலித்தனம். எந்தக் காற்றுக் காலம், எந்தக் கரை என்பதை ஊர் மீனவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவிட்டால், எந்தெந்த ஸ்டேஷனுக்கு ஒயர்லெஸ் போட வேண்டும் என்று போலீசுக்கே வழி தெரியும்.

கரை ஒதுங்கிய உடலுக்கு அதே புதிய சட்டத்தின் 194வது பிரிவில் வழக்கு, அதாவது பழைய சட்டத்தின் 174. ‘நீரில் மூழ்கி இறந்தார்’ என்று முடித்துவிடுவதில்தான் பெரிய ஓட்டை. கொன்று கடலில் போட்ட உடலும் நாலு நாளில் அதே மாதிரித்தான் தெரியும். மூழ்கும்போது உயிர் இருந்ததா என்று பார்க்க டயாட்டம் சோதனை உண்டு. தண்ணீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி எலும்பு மஜ்ஜை வரை போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒப்பிட அந்த இடத்துக் கடல்நீர் மாதிரியும் எடுத்திருக்க வேண்டும், இதுதான் அடிக்கடி விடுபடும். சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள், உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி. கேரளத்தின் கூடத்தாயியில் ஒரே குடும்ப வட்டத்தில் நடந்த ஆறு மரணங்களில் ஒன்றுக்கு மட்டும் 2011ல் போஸ்ட்மார்ட்டம் நடந்தது, சயனைடும் தெரிந்தது. அதையும் தற்கொலை என்று மூடினார்கள். 2019ல்தான் கல்லறைகளைத் தோண்டினார்கள்.

ஏர்வாடிக்கு இந்த ஏடு தலைகீழாகப் பயன்பட வேண்டும். தர்காவை நம்பி வெளி மாநிலங்களிலிருந்தும் மனநலம் குன்றியவர்களைக் கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6ல் சங்கிலியோடு 28 பேர் எரிந்து இறந்த ஊர். தெருவில் திரியும் ஒருவர் வேறொரு மாநிலத்தின் ‘மேன் மிஸ்ஸிங்’ ஆக இருக்கலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100வது பிரிவு அப்படிப்பட்டவருக்கு ‘காணாமல் போனவர்’ என்று எஃப்.ஐ.ஆர் போட்டுக் குடும்பத்தைத் தேடும் பொறுப்பை ஸ்டேஷன் அதிகாரி தலையிலேயே வைக்கிறது. இந்தப் பிரிவை எழுதிக் காட்டிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

இணையத் தேடல் பரவாயில்லை ரகம். மத்திய அரசின் டிஜிட்டல் போலீஸ் தளத்தில் காணாமல் போனோர், அடையாளம் தெரியாத உடல்கள் இரண்டையும் பொதுமக்களே தேடலாம். யோசனை அருமை. ஆனால் எந்தத் தேடலும் உள்ளே போட்ட விவரத்தைத்தான் திருப்பித் தரும். ‘வயது சுமார் 40, மாநிறம்’ என்று மட்டும் ஏற்றியிருந்தால் நூறு பேர் பொருந்துவார்கள், அதாவது யாரும் பொருந்த மாட்டார்கள். தேடும்போது வயதை ஐந்து வருடம் முன்னே பின்னே தள்ளிப் போடுங்கள், காணாமல் போன தேதியிலிருந்து ஒரு மாதம் வரை பாருங்கள், பக்கத்து மாவட்டங்களையும் சேருங்கள்.

ஸ்டேஷன் அசையவில்லை என்றால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(4)ன் கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் 175(3). பலர் நேரே மதுரைக் கிளைக்கு ஆட்கொணர்வு மனுவோடு ஓடுகிறார்கள். யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால்தான் அது நிற்கும், சும்மா காணவில்லை என்றால் தள்ளுபடி ஆகும். வக்கீல் ஃபீஸ் இல்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 உண்டு.

டீக்கடைத் தீர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கொடூரம் நடந்த அன்று ‘என்கவுன்டர்ல போட்டுத் தள்ளு’ என்பதுதான் இங்கே பெரும்பான்மைக் கருத்து. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நாலு பேரைச் சுட்டபோது போலீஸ் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் கமிஷன் 2022ல் அந்த என்கவுன்டரே ஜோடனை என்றது. தொடர்கொலையில் இதற்குத் தனி நஷ்டமும் உண்டு: மற்ற உடல்கள் எங்கே என்று தெரிந்த ஒரே ஆளைச் சுட்டுவிட்டால் மீதி வீடுகளின் ஏடு என்றைக்கும் மூடாது. மோகனை உயிரோடு பிடித்து ஒவ்வொன்றாக 20 வழக்கு நடத்தியதால்தான் கடைசி வழக்கின் பெண்ணுக்கும் 2020ல் தீர்ப்பு வந்தது. ஆட்களைப் பிடித்த பிறகும் கோட்டை விடுவது வேறு கதை. தொடர்கொலை வழக்குகளில் பிடிபட்ட சைக்கோ ஜெய்சங்கர் 2011ல் சேலம் பஸ் ஸ்டாண்டில் வழிக்காவலிலிருந்து தப்பி, கர்நாடகம் போய் மறுபடி கொன்றான்.

நிட்டாரி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அந்த வீட்டு வேலைக்காரன் கோலி 2023ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் 12 வழக்குகளில் விடுதலையானதும் ‘கோர்ட் விட்டுருச்சு’ என்றார்கள். தீர்ப்பைப் படித்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும். அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு எடுத்த வாக்குமூலம், ஒழுங்காக நிரூபிக்காத பொருள் கைப்பற்றல் என்று பட்டியல் போகிறது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 105வது பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை நிலவரம் சொல்ல வேண்டும் என்பதும் 193வது பிரிவில் இருக்கிறது, எழுத்தில் கேளுங்கள். கைப்பற்றும் இடத்தில் மகஜரில் (என்ன பொருள் எங்கே எடுத்தது என்று எழுதும் பதிவில்) கையெழுத்துப் போட ஊரார் யாரும் முன்வராமல், போலீஸ் வழக்கமாக வரும் ஒரே ஆளையே எல்லா வழக்குக்கும் சாட்சியாகப் போடுவதும், குறுக்கு விசாரணையில் அவர் உளறுவதும் இந்தக் கடலோரத்து வழக்குகளிலும் நடக்கிற ஒன்றுதான். மகஜரில் கையெழுத்துப் போடுமுன் நேரம், இடம், பொருளின் அடையாளம் மூன்றையும் படித்துப் பாருங்கள். வெற்றுத்தாளில் மட்டும் போடாதீர்கள். சம்மன் வந்து ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போனால் சாட்சிப் படி உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.