வான் வண்டியில் ஏழு வருடம் சுழன்ற இறுவட்டுகள்

எங்கள் வான் வண்டியில் இருப்பது பழைய சிடி பிளேயர், யூஎஸ்பி செருக இடமில்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஹயர் போகும்போது பாட்டு வேண்டுமென்றால் வீட்டுக் கணினியில் இறுவட்டு, அதாவது சிடி, அடித்தாக வேண்டும். ஏழு வருடமாக அடிக்கிறேன், பாடாமல் போனதும் நிறைய.

முதலாவது இறுவட்டை உள்ளே தள்ளியதுமே 'எரர்' என்றது. எம்பி3 கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் 700 எம்பியில் நூற்றைம்பது பாட்டு வரை அடங்கும். ஆனால் இந்தப் பிளேயருக்கு ஓடியோ சிடி மட்டும்தான் தெரியும். அதில் 80 நிமிடம், பதினாறு பாட்டு, அவ்வளவுதான். அப்புறம் அழித்தழித்து எழுதலாமே என்று ஆர்டபிள்யூ வகை இறுவட்டு வாங்கினேன். கணினியில் நன்றாகப் பாடியது, வானில் சும்மா சுற்றியது. அந்த வகை ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு, பழைய லேசருக்குப் போதாது. கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்ய, அதாவது எழுதியதை மூடி முடிக்க, மறந்த இறுவட்டும் பாடவில்லை. இவையெல்லாம் என் பிழைதான்.

என்னை அலைக்கழித்தது வேறொன்று. களுவாஞ்சிக்குடி தாண்டியதும், பதினோராம் பாட்டளவில், கிட் கிட் என்று துள்ளத் தொடங்கும். ரோட்டில் குழி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் வீட்டு முற்றத்தில் வானை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதே பாட்டில் அதே துள்ளல்! இறுவட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிக்கப்படுவது. பிந்திய பாட்டுகள் ஓரத்தில் இருப்பவை, அங்கேதான் பழுது.

லென்ஸ் மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். ரேடியோ திருத்தும் வயதான ஒருவர் மட்டும், "மனே, கடையில வாங்கின ஒறிஜினல் சிடி பாடுதா?" என்று கேட்டார். பாடியது, கடைசிப் பாட்டு வரை. "அப்ப லென்ஸ விடுங்க. எத்தினை ஸ்பீட்ல அடிக்கிறீங்க?" 52 மடங்கு வேகம் என்றேன். சிரித்தார். 16இல் அடித்துப் பார்த்தேன், துள்ளல் நின்றது. அதைவிட நல்லதென்று 4இல் அடிக்கப் போய் இரண்டு இறுவட்டு வீண். இப்போது வரும் வெற்று இறுவட்டுகள் வேகத்துக்கென்றே செய்தவை போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று மூன்றாம் பாட்டில் சிக்கியது. கீழ்ப்பக்கம் கண்ணாடி போல இருந்தது, கீறலே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஊசி முனையளவு ஓட்டைகள், வரிசையாக. தம்பி மேலே போல்பொயின்ற் பேனையால் அழுத்தி 'பழைய பாட்டு' என்று எழுதியிருந்தான். பளபளக்கும் படலம் அந்தப் பக்க மெல்லிய அரக்குப்பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலையாவது தேய்த்து எடுக்கலாம், இதற்கு மருந்தில்லை.

மார்க்கர் பேனை ஒன்று வாங்கி லாச்சியில் போட்டிருக்கிறேன். இறுவட்டுகளும் இப்போது அங்கேதான், டேஷ்போட் வெயிலில் இல்லை.