திரும்பும் நாள் தெரியாதபோது நாயை எங்கே விடுவது?

சென்ற ஐப்பசியில் அம்மாவை இதய அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றபோது, பாம்பனில் நாங்கள் வளர்க்கும் நான்கு வயது நாட்டு நாய்க்கு ஒரே இரவில் இடம் தேட வேண்டியிருந்தது. மதுரையில் கட்டணக் காப்பகம் ஒன்று இருந்தது. தங்கச்சிமடத்தில் சித்தி வீடு இருந்தது. சித்தி வீட்டையே தேர்ந்தெடுத்தேன்.

காப்பகத்தில் கம்பிக் கதவுள்ள அறையும் வேளைக்குச் சாப்பாடும் உண்டு. அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டை இல்லாமல் அவர்கள் சேர்ப்பதில்லை. நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையிலேயே பல மாதங்கள் தங்கக்கூடியது என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானதே.

ஆனால் அவர்கள் முதலில் கேட்டது, எத்தனை நாள் என்பது. மருத்துவமனை வாசலில் நிற்பவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஐந்து நாள் என்று நான் எண்ணியது பத்தொன்பது நாளாயிற்று. நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றால் 9,500 ரூபாய். மருந்துச் செலவோடு அதையும் சுமந்திருந்தால், அம்மா தேறுவதற்கு முன்பே நாயை வேறிடம் மாற்ற நேர்ந்திருக்கும். சித்தியோ நாள் கேட்கவில்லை. நெருக்கடியில் இருப்பவருக்கு, தவணை நீளும்போதும் மூடாத கதவுதான் பெரிது என்று அப்போது உணர்ந்தேன்.

சித்தி வீட்டிலும் ஆபத்து இல்லாமலில்லை. இரண்டு ஊர்களும் ஒரே தீவில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதால், பனைமட்டை வேலியைத் தாண்டினால் நாய் பழைய வீட்டை நோக்கி நடந்துவிடும். வழியெல்லாம் இராமேசுவரம் செல்லும் வாகனங்கள். ஆகவே முதல் வாரம் சங்கிலியில் கட்டி, அம்மாவின் பழைய சேலையை விரித்துப் படுக்கவைத்தோம். மீன் முள் போடக் கூடாது, காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் காட்டுவது, செலவுக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சித்தியின் பேரப்பிள்ளைகள் அங்கே இருந்ததால், வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவணை தவறாமல் போடப்பட்டிருந்தது பெரிய நிம்மதி. முதன்முறை போடும் ஊசி பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், புறப்படும் இரவில் அதை ஈடுசெய்ய இயலாது.

பூனையை இப்படி விட்ட அனுபவம் எனக்கில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் என் முடிவு மாறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்ற ஒன்று வந்தால் பாம்பனும் தங்கச்சிமடமும் ஒருசேரத்தான் தத்தளிக்கும். அப்போது, சில நாள் கட்டணம் போனாலும், கரையிலிருந்து தொலைவில் உள்ள காப்பகத்தையே நாடுவேன்.