முன்மாதிரிக்கு ஃபிக்மாவா, பபிளா?

தண்ணீர் கேன் போடும் ஏஜென்சிகளுக்கு ஒரு செயலி. முழுதாகக் கட்டும் முன் முன்மாதிரியை எதில் செய்வது என்று எங்கள் அணியில் பேசியபோது கடைசியில் இரண்டுதான் நின்றன. திரைகளை வரைந்து, தொட்டால் அடுத்த திரைக்குப் போகும்படி இணைக்கும் ஃபிக்மா. கோடு (நிரல்) எழுதாமலே நிஜமாக ஓடும் செயலியைக் கட்ட உதவும் பபிள். நாங்கள் ஃபிக்மாவை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவு பெரிய விஷயமில்லை. இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம், இரண்டும் பிரவுசரிலேயே ஓடும். பபிளில் டேட்டாபேஸ், லாகின் எல்லாம் உண்மையானவை என்பதால் பழக அதிக நாள் ஆகும், அவ்வளவுதான்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வேறொரு கேள்வி. செய்ததைத் தூக்கிப் போடுவது எவ்வளவு சுலபம்? பபிளில் கட்டியதை ஓர் ஏஜென்சி பயன்படுத்த ஆரம்பித்தால், அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலும் பாக்கிக் கணக்கும் அதில் ஏறிவிடும். அப்புறம் தரவு இருக்கும் ஒரு டேபிளை (அட்டவணையை) மாற்றவே தயங்குவோம். சோதனைக்குச் செய்தது அப்படியே நிலைத்துவிடும். வெளியேற நினைத்தாலும் தரவை மட்டும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம். கட்டிய செயலியைக் கோடாக எடுக்க முடியாது. பபிள் போன்ற இன்னொரு கருவியான ஃப்ளட்டர்ஃப்ளோ இதில் மேல், கட்டணத் திட்டத்தில் கோடை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதை நான் மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடைப் பராமரிப்பது எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை.

ஃபிக்மாவில் இழக்க ஒன்றுமில்லை. கேன் போடும் அண்ணன் ஒருவரிடம் போனைக் கொடுத்தோம். டெலிவரி திரை வரை வந்தவர், "காலி கேன் எத்தனை வந்துச்சுன்னு எங்க தம்பி போடுறது?" என்று கேட்டார். கேனுக்கு டெபாசிட் வாங்கும் தொழிலில் காலி கேன் கணக்குதான் பணம். அன்று மாலையே அந்தத் திரைகளை அழித்து, ஆர்டரையும் காலி கேனையும் ஒரே இடத்தில் வைத்து வரைந்தோம். பபிளாக இருந்தால் டேபிள், ஒர்க்ஃப்ளோ (எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்ற விதி) என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இருப்பதைக் காப்பாற்றத்தான் மனம் போகும். ஒரு சுற்றுக்கு ஐந்து பேரிடம் சோதித்தால் போதும், திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். திருத்துவது மலிவாக இருந்தால்தான் அந்த அடுத்த சுற்று நடக்கும்.

குறையும் உண்டு. வழக்கமான ஃபிக்மா முன்மாதிரியில் பெயரையோ எண்ணையோ உண்மையில் தட்ட முடியாது. அதைவிட முக்கியம், திரையைப் பார்த்து "நல்லா இருக்கு" என்பவர் மாதாமாதம் காசு கொடுப்பாரா என்று அது சொல்லாது. அங்கே பபிள் முந்துகிறது. ஆனால் அதைச் சோதிக்கச் செயலியே தேவையில்லாமலும் போகலாம். 1999-இல் நிக் ஸ்வின்மர்ன், பின்னாளில் ஜாப்போஸ் என்ற இணைய ஷூ கடை ஆன தளத்துக்காகக் கடைகளில் இருந்த ஷூக்களைப் படமெடுத்துப் போட்டு, ஆர்டர் வந்த பிறகே போய் வாங்கி அனுப்பினார். நாங்களும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, கூகுள் ஷீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்து, அதற்குக் கட்டணம் கேட்டுப் பார்த்தோம்.

வாங்குபவர், விற்பவர் போல இரண்டு தரப்பை நேரலையில் இணைக்கும் தயாரிப்பு என்றால், தரவு ஓடாமல் எதையும் சோதிக்க முடியாது. அப்போது பபிளுக்கே போகலாம். முதல் வாரத்திலிருந்தே சிஎஸ்வி பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.