வெற்று உள்ளீட்டை ஷெல்செக் எவ்வளவு தூரம் கண்டுகொள்கிறது?

பயனரிடம் கோப்புறையின் பெயரைக் கேட்டு, அவர் எதையும் தட்டாமல் என்டர் விசையை மட்டும் அழுத்தினால் இயல்நிலையாக வேறொரு கோப்புறையை எடுத்துக்கொள்ள வேண்டிய சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை, லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ‘பாஷ்’ என்ற ஷெல்லுக்காக, வேண்டுமென்றே சில பிழைகளுடன் எழுதி ஷெல்செக்கிடம் கொடுத்துப் பார்த்தேன். ஸ்கிரிப்ட்டை ஓட்டாமல் வாசித்தே குறை சொல்லும் இந்தக் கட்டற்ற மென்பொருள் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களின் களஞ்சியங்களிலேயே கிடைக்கிறது.

மேற்கோள் குறி விஷயத்தில் இது மிகவும் கறார். சதுர அடைப்புக்குள் மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயரை) இரட்டை மேற்கோள் இன்றி ஒப்பிட்டிருந்த வரிக்கு உடனே 2086 என்ற எண்ணுள்ள குறிப்பு வந்தது. மாறி வெறுமையாக இருந்தால் அது நின்ற இடமே இல்லாமல் போய் ஒப்பீடு முறிந்துவிடும் என்பதால் இந்தக் கறார் நியாயமானதே. மாறியை அடுத்துச் சாய்கோடும் உடுக்குறியும் இட்டு ‘ஆர்எம்’ கட்டளையால் அழிக்கும் வரிக்கு 2115 வந்தது. மாறி வெறுமையானால் அழிப்பு மூலக் கோப்புறையிலிருந்தே தொடங்கும். லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு நிரலின் ஸ்கிரிப்ட்டில் இத்தகைய வரி பயனரின் கோப்புகளை அழித்த செய்தி 2015 ஜனவரியில் வெளியானது. முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து, வெறுமையானால் அங்கேயே நின்றுவிடும்படி எழுதுமாறு ஷெல்செக் மாற்று வடிவத்தையும் காட்டுகிறது.

ஆனால் நான் முக்கியமாகச் சோதிக்க விரும்பிய பிழையை அது கண்டுகொள்ளவில்லை. இயல்நிலை மதிப்பைத் தரும் இடத்தில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டு வெறும் கழித்தல் குறியை மட்டும் இட்டிருந்தேன். அந்த வடிவம், மாறி அறவே அமைக்கப்படாதபோதுதான் இயல்நிலை மதிப்பைத் தரும். என்டரை மட்டும் அழுத்தும்போதோ, உள்ளீட்டை வாங்கும் ‘ரீட்’ கட்டளை மாறியை வெற்றுச் சரமாக அமைத்துவிடுகிறது, எனவே இயல்நிலை மதிப்பு ஒருபோதும் வராது. அமைக்கப்படாத மாறியைக் கண்டு நிறுத்தும் ‘செட்’ கட்டளையின் ‘யு’ தெரிவும் இதே காரணத்தால் இங்கே உதவாது. இலக்கணப்படி இரண்டு வடிவங்களும் சரியானவை என்பதால் கருவியைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இயல்நிலை மதிப்பைத் திருத்தத்தக்க எழுத்தாகவே முன்னால் காட்டும் ‘ரீட்’ கட்டளையின் ‘ஐ’ தெரிவு பாஷுக்கே உரியது. எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியை, பாஷுக்குப் பதிலாக அடிப்படை ஷெல்லான ‘எஸ்எச்’ என்று மாற்றியவுடன் அதை ஷெல்செக் சுட்டிக்காட்டியது நல்ல செய்தி. எச்சரிக்கைகள் எல்லாம் தீர்ந்த பிறகும், ஒவ்வொரு கேள்விக்கும் என்டரை மட்டும் அழுத்தி ஸ்கிரிப்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வேலை நமக்கே மிஞ்சுகிறது.